றஸீனின் நாலு சில்லு

குறிஞ்சிப்பிட்டிப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைக் குத்பாப் பிரசங்கம் தொடங்கிவிட்டது. ஆட்கள் எல்லாரும் உள்ளே இருக்க, றஸீன் மட்டும் வெளியே நூர்தீனின் பிக்கப் வண்டிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தான். உள்ளே போகப் போனவன், அந்த வண்டியின் பின் சில்லு ஒன்று காற்றிறங்கிச் சப்பையாகிக்கொண்டு வருவதைக் கண்டுவிட்டான். காதை வைத்துக் கேட்டான். ஈரக் கையால் தடவினான். ஒரு ஸ்க்ரூ ஆணி அகப்பட்டது. தன் வண்டியிலிருந்து குறடும், றப்பர்த் திரியும், கால் பம்பும் எடுத்துவந்து, ஆணியைப் பிடுங்கி, துளையில் திரியை இறுக்கி அடைத்து, வியர்க்க வியர்க்கக் காற்று மிதித்தான்.

ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு நூர்தீன் ஒரு மாப்பிள்ளைக் கூட்டத்தைக் கற்பிட்டிக்கு ஏற்றிப் போகிறார் என்பது ஊருக்கே தெரியும். மாப்பிள்ளையை நடு ரோட்டில் இறக்கி வைத்துவிட்டுச் சில்லு கழற்றும் வெட்கம் அந்த மனிதருக்கு வரக்கூடாது என்று றஸீன் நினைத்தான். கை கழுவி, தொழுகைக்குத் திரும்ப வுளூச் செய்து, அவன் உள்ளே நுழையும்போது குத்பா முடிந்து தொழுகையில் பாதியும் போயிருந்தது. தண்ணீர் மோட்டாரை நிறுத்த வெளியே வந்த, பாங்கு சொல்லும் மோதினார் மீராசாஹிப் மட்டுமே இதைக் கண்டவர். அவரிடமும், "ஒருத்தருக்கும் சொல்லிடாதீங்க" என்று ஒரு சொல் சொல்லி வைத்தான்.

நூர்தீன் கண்டது வேறு. தொழுது எழும்பித் திரும்பியபோது, கடைசி வரிசையில் சட்டைக் கையில் கிறீஸ் கறையோடு றஸீன் நின்றான். குத்பா கூடக் கேட்காமல் ஹயருக்கு ஆளேற்றித் திரிந்துவிட்டு வருகிறான் என்று நினைத்துக்கொண்டார். நினைத்ததோடு விட்டிருந்தால் போயிருக்கும். அஸர்த் தொழுகைக்குப் பிறகு லோறன்ஸின் தேத்தண்ணிக் கடையில் வாயாலும் சொன்னார். அதன்பிறகு இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நூர்தீன் கெட்ட மனிதரல்ல. ஐந்து நேரத் தொழுகையைத் தவற விடாதவர். வெங்காயம் ஏற்றி ஏற்றியே ஒரு மகளைப் படிக்க வைத்து, வீடு கட்டிக் கலியாணமும் செய்து கொடுத்தவர். பதினேழு வருடம் அந்தப் பக்கத்தில் வண்டி என்றால் நூர்தீனின் வண்டிதான். றஸீன் ஒரு பிக்கப் வாங்கி, அது தன் வண்டியைப் போலவே அதே கம்பெனியில் அதே வருடத்தில் செய்ததாகவும் இருந்த நாளிலிருந்துதான் அவருக்கு வயிற்றில் ஒரு எரிச்சல் வந்து குந்திக்கொண்டது.

றஸீன் முசலிப் பக்கத்துப் பிள்ளை. வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டு, பத்தொன்பது வயதில், உம்மாவோடும் ஒரு துணிப் பையோடும் வள்ளத்தில் வந்து இறங்கியவன். ஆலங்குடாப் பக்கத்து அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் இருந்தார்கள். வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்றான். உப்பளத்தில் உப்பு வாரினான். பிறகு புத்தளத்தில் ஒரு டயர் கடையில் பதினொரு வருடம் டயர் கழற்றி மாட்டினான். அந்தப் பதினொரு வருடத்தில் அவன் கைக்கு ஒரு கண் வந்துவிட்டது என்பார்கள். டயரைத் தடவிப் பார்த்தே அது எப்படி ஓடும் என்று சொல்லிவிடுவான்.

"முகாமில ஓலைக்கு வழியில்லாம நிண்டவன், இண்டைக்கு எனக்கு முன்னால ஹோர்ன் அடிக்கிறான்" என்று நூர்தீன் ஒருநாள் வீட்டில் சொன்னார்.

"அடிச்சா வழி உடுங்களேன்" என்றாள் அவர் மனைவி கமீலா, மீன் கழுவிக்கொண்டே.

நாட்டில் சண்டை முடிந்து இரண்டொரு வருடத்தில் கற்பிட்டி ரோட்டுக்கு வழுவழுவென்று தார்க் காப்பட் போட்டார்கள். அதோடு நூர்தீனுக்குப் பிடித்தது சனியன். அதுவரை ரோட்டெல்லாம் குழி. எந்த வண்டி போனாலும் தகரப் பெட்டியை உருட்டினாற்போல ஒரே சத்தம்தான். நூர்தீனின் வண்டிக்கு முதலைத் தோல் போல, கட்டை கட்டையாகப் பல் எழும்பிய டயர். பார்த்தால் ஒரு வீரம் இருக்கும். காப்பட் போட்டதும் அந்த வீரமெல்லாம் ஊளையாகிவிட்டது. நுரைச்சோலைச் சந்தியில் வண்டி திரும்பினாலே கடையடிக்குக் கேட்கும்.

லோறன்ஸ் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே காதில் கையை வைப்பான். "கரண்ட் செய்ற இடத்துக்கு நிலக்கரிக் கப்பல் எப்பவும் கடலாலதானே வாறது? இண்டைக்கு என்ன ரோட்டால வருது?"

கடையில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். வண்டியை நிறுத்திவிட்டு நூர்தீன் உள்ளே வருவார். சிரிப்பு வாய்க்குள் போய்விடும். அது அவருக்கு இன்னும் எரியும்.

றஸீனின் வண்டி வருவதே தெரியாது. கடைக்கு முன்னால் படுத்திருக்கும் நாய்கூட அது வந்து நின்ற பிறகுதான் தலையைத் தூக்கும். அதே வண்டி ஆலங்குடா மணலுக்குள்ளும் புதையாமல் போகும். ஹோட்டல்காரர், வெள்ளைக்காரரை ஏற்ற அவனைத்தான் கூப்பிட்டார்கள். முதுகு நோவுக்காரர், ஒப்பரேசன் செய்தவர், பச்சைப் பிள்ளைக்காரி எல்லாருக்கும் றஸீனின் வண்டிதான். நூர்தீனுக்கு வெங்காயம் மிஞ்சியது.

ஒருநாள் கடையில் யாரோ கேட்டார்கள்: "றஸீன், மணலுக்கும் ஓடணும், ரோட்டில சத்தமும் வரக்கூடா. அப்பிடி டயர எப்பிடித்தான் தெரிஞ்செடுக்கிற நீ?"

நூர்தீன் முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தை அவர் அன்றைக்குத் திருப்பவே இல்லை.

"பெரிய வித்தை ஒண்டுமில்ல" என்றான் றஸீன். "பல்லு கிட்டக் கிட்ட இரிக்கணும். எல்லாம் ஒரே அளவாவும் இரிக்கக்கூடா. சின்னதும் பெரிசும் கலந்திருந்தா சத்தம் ஒண்டோட ஒண்டு சேராது. பக்கத்துச் சுவர் பெருவிரலால அமத்தினா கொஞ்சம் வளையணும். என்ன வருசம் செஞ்சதெண்டு நாலு இலக்கம் அடிச்சிருப்பான், அதையும் பாக்கணும். கிடந்து காஞ்ச டயர் கல்லு மாதிரி."

"அவ்வளவுதானா?"

"மிச்சம் காத்து. மணலுக்கு இறங்க முந்தி நல்லாக் குறைக்கணும். ரோட்டுக்கு ஏறினா திரும்ப அடிக்கணும். பல்லு பெரிசெண்டா மணலுக்க ஓடுமெண்டு ஆக்கள் நினைக்கிற. அது மணலத் தோண்டித் தோண்டி வண்டியப் புதைக்கத்தான் செய்யும்."

அவன் யாரையும் குத்திச் சொல்லவில்லை. ஆனால் போன மாதம் ஆலங்குடாவில் அச்சு வரைக்கும் புதைந்தது நூர்தீனின் வண்டி. லோறன்ஸ் கோப்பையால் வாயை மறைத்துக்கொண்டான்.

அடுத்த நாள் றஸீன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து நூர்தீன் அந்தப் பக்கம் போனார். வண்டி நின்றது. குனிந்து டயரின் பல்லை எண்ணினார். பக்கச் சுவரைப் பெருவிரலால் அமத்தினார். வளைந்தது.

"யாரது? நூர்தீன் நானாவா? என்ன தேடுறீங்க?" றஸீனின் மனைவி ஹிதாயா வாசலில் நின்றாள்.

"ஆடு ஒண்டு இந்தப் பக்கம் வந்திச்சா எண்டு பாத்தன்."

"நீங்க எப்ப ஆடு வாங்கின?"

நூர்தீன் ஆட்டைத் தேடுகிறவர் போல வேலியோரமாக நடந்தார். இரண்டு நாளில் புத்தளத்துக்கே போய்விட்டார். கடைக்காரரிடம் அந்தப் பல்லைக் கையால் வரைந்து காட்டினார்.

"ஓ, றஸீன் எடுக்கிற டயர்" என்றார் கடைக்காரர்.

அந்தச் சொல் நூர்தீனைச் சுட்டது. "அவன் எடுக்கிறதுக்கு மேல ஒண்டு இல்லையா?"

"இதே பல்லுதான். பத்துத் தட்டு வச்சிச் செஞ்ச தடிப்பு, பாரம் ஏத்துறதுக்கு. ஆனா உங்கட தேவைக்கு…"

"அதையே போடுங்க."

பத்துத் தட்டு டயர், நாலு சில்லிலும் ஐம்பது ஐம்பது றாத்தல் காற்று. வெங்காயம் ஏற்றுகிறவர்கள் எல்லாரும் அடிக்கிற காற்று அது. இத்தனை வருடமாக அந்தக் கை வேறு அளவு அடித்ததில்லை. வண்டியில் மூட்டை இருக்கிறதா, ஆள் இருக்கிறதா என்று காற்றடிக்கும்போது அவர் யோசித்ததும் இல்லை. ஊளை நின்றுவிட்டது. லோறன்ஸ் கடையடியால் சத்தமில்லாமல் போனபோது நூர்தீனுக்கு நெஞ்சு நிறைந்தது. இனி என்ன செய்வாய் என்று மனதுக்குள் றஸீனிடம் கேட்டுக்கொண்டார்.

அந்த நேரம் மகள் முஃப்லிஹாவுக்கு வயிற்றில் ஆறு மாதம். மருமகன் கட்டாரில். ஏற்கெனவே இரண்டு தங்காமல் போய், இது மூன்றாவது. இந்தப் பிள்ளைக்காக அந்த வீட்டில் கமீலா வைக்காத நோன்பில்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை புத்தளம் கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும், ஆட்டாமல் அசைக்காமல் கொண்டுவர வேண்டும் என்று டொக்டர் அம்மா சொல்லியிருந்தார்.

"வாப்பாட வண்டியிலதான் போற" என்று நூர்தீன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பின் ஆசனத்தில் மெத்தை விரித்து, தலையணை வைத்து, மகளைப் படுக்க வைத்தார். மெல்லத்தான் ஓட்டினார். சத்தமும் இல்லை. ஆனால் காப்பட்டில் ஒரு சின்னத் தையல் வந்தாலும், பாலத்தில் ஒரு மேடு வந்தாலும், இரும்பில் இரும்பு இடித்தது போல அது நேரே ஆசனத்துக்கு ஏறியது. பாலாவி தாண்டும்போது முஃப்லிஹா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மகள்?"

"ஒண்டுமில்ல வாப்பா. நீங்க ஓட்டுங்க."

கிளினிக்கில் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. நோவு தொடங்கியிருந்தது. நாலு நாள் வாட்டில் வைத்திருந்தார்கள். நோவு அடங்கியது, அல்ஹம்துலில்லாஹ். "இன்னொருக்கா இப்பிடிக் கொண்டு வந்தா நான் பொறுப்பில்ல" என்றார் டொக்டர் அம்மா.

வீட்டுக்குக் கூட்டிவரும் நாளில் கமீலா புருசனின் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள்: "றஸீன் தம்பிட வண்டியக் கேப்பம்."

"என்ட மகள் ஏற என்ட வண்டி இரிக்கி."

"உங்கட வண்டி உங்கட வீம்புக்கு இரிக்கி. புள்ள ஏறுறதுக்கு இல்ல."

முப்பது வருடத்தில் கமீலா அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. நூர்தீன் மகளைப் பார்த்தார். அவள் கட்டிலில் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "எனக்குப் பயமா இரிக்கி வாப்பா" என்றாள். அன்றைக்கு வேறு யாருடையதோ காரில், இருபது கிலோமீட்டர் வேகத்தில் வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த கிளினிக்குக்குப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் நூர்தீனுக்கு நித்திரையும் இல்லை, சோறும் இறங்கவில்லை. தன் மகளின் பிள்ளை, றஸீனின் வண்டியில் போய்ப் பிறக்க வேண்டுமா? நாளைக்கு ஊரே சொல்லும். பிள்ளை வளர்ந்து அதுவே சொல்லும். போகாமல் விட்டால்? அதற்கு மேல் நினைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஏழாம் நாள் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு மோதினார் மீராசாஹிபிடம் போய்க் குந்தினார். "மகளுக்கு ஒரு துஆக் கேளுங்க, மோதினார்."

"இன்ஷா அல்லாஹ்."

மனதில் கிடந்தது வாயால் வந்துவிட்டது. "நான் ஒரு வக்துத் தொழுக விட்டதில்ல. எனக்கு இந்தச் சோதின. குத்பாக்கும் வராம திரியிறவனுக்கு எல்லாம் சரியா நடக்குது."

மோதினார் விரித்த பாயைச் சுருட்டாமல் நின்றார். "யாரச் சொல்றீங்க? றஸீனயா?"

"வேற யார? கிறீஸ் சட்டையோட கடைசி வரிசையில நிண்டானே, மாப்பிள்ளைக் கூட்டம் போன அண்டு."

"சொல்ல வேணாமெண்டு கேட்டவன். ரெண்டு வருசம் வச்சிருந்தன். இனியும் வச்சிருந்தா எனக்குத்தான் பாவம்." மோதினார் பெருமூச்சு விட்டார். "அந்தக் கிறீஸ் உங்கட சில்லுக் கிறீஸ், நூர்தீன். குத்பா நேரம் முழுக்க அவன் உங்கட வண்டிக்கடியிலதான் இருந்தான். ஆணி புடுங்கி, ஒட்டு வச்சி, காத்தடிச்சி. நீங்க மாப்பிள்ளையோட கற்பிட்டி போய்ச் சேந்த அந்தக் காத்தில."

நூர்தீன் எழும்பி வெளியே வந்தார். செருப்பைப் போட மறந்து பாதித் தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், வெட்கத்தை விட எரிச்சல்தான் கூட இருந்தது. அந்த மனிதன் இதிலும் தனக்கு முன்னால் போய்விட்டானே என்ற எரிச்சல்.

விடிய ஸுபஹ் தொழுததும் றஸீனின் வீட்டு வளவுக்குப் போனார். றஸீன் வண்டி கழுவிக்கொண்டிருந்தான்.

"வாங்க நானா. இண்டைக்கும் ஆடா?"

நூர்தீன் சிரிக்கவில்லை. "நாளன்டைக்குப் புள்ளயக் கிளினிக் கொண்டு போகணும். உன்ட வண்டி வேணும்."

றஸீன் கையைத் துடைத்தான். அவரை ஒருதரம் பார்த்தான். "என்ட வண்டி வராது, நானா."

சொன்னால் வெட்கம், அந்த ஒரு நொடி நூர்தீனின் உள்ளே சந்தோசம் போல ஒன்று எழும்பியது. இவனும் ஒரு மனிசன்தான், இவனுக்கும் வன்மம் இருக்கிறது என்று. றஸீன் அதற்குள் வண்டி தூக்கும் ஜெக்கை எடுத்துவிட்டான்.

"புள்ள வாப்பாட வண்டியிலதான் போகணும். வண்டி வராது, சில்லு வரும். உங்கட வண்டியக் கொண்டு வாங்க. ரெண்டும் ஒரே வண்டிதானே, நட்டு அளவும் ஒண்டுதான்."

நூர்தீன் வண்டியைக் கொண்டுவந்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் குந்தி நட்டுக் கழற்றினார்கள். றஸீன் நூர்தீனின் டயரைப் பெருவிரலால் அமத்தினான். அசையவில்லை. காற்றை அளந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"அம்பது! நானா, இது வெங்காயத்துக்கு. காத்தக் குறைச்சாலும் இந்தச் சுவர் வளையாது."

"அது பழக்கம்."

"தெரியும். நானும் வெங்காயம் ஏத்தினவன்." நட்டை முறுக்கிக்கொண்டே சொன்னான்: "உம்மாவ முகாமிலிருந்து உழவு மெசின் இழுக்கிற பெட்டியிலதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன. வழி நெடுக 'மெல்ல மகன், மெல்ல மகன்' எண்டு கேட்டுட்டே வந்தாங்க. நான் ஓட்டல்ல. ஓட்டினவனுக்குச் சத்தத்தில கேக்கல்ல. திரும்பி வரக்கொள்ள கேக்க ஆளில்ல."

நூர்தீன் கழற்றிய சில்லை அவன் பக்கம் உருட்டிவிட்டார். றஸீன் அவருடையதைத் தன் வண்டிக்கு மாட்டிக்கொண்டு, தன் சில்லு நாலையும் நூர்தீனின் வண்டிக்கு ஏற்றி, முன்னுக்கு இருபத்தெட்டு, பின்னுக்கு இருபத்தாறு என்று காற்றை அளந்து அடித்துக் கொடுத்தான்.

கிளினிக் நாளில் முஃப்லிஹா ஏறும்போது ஆசனத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். நுரைச்சோலை வந்தபோது பிடியை விட்டாள். பாலாவியில் நூர்தீன் கண்ணாடியில் பார்த்தார். மகள் வாயைத் திறந்து நித்திரை. அவளுடைய மூச்சுச் சத்தம் அவருக்குக் கேட்டது. தன் வண்டிக்குள் இன்னொருவரின் மூச்சு அவருக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை. கண் கலங்கியது. அப்போதும், இந்தச் சத்தமில்லாத ஓட்டம் எனக்குச் சொந்தமில்லையே, அவனுடையதல்லவா என்று ஒரு முள் உள்ளே அசைந்தது.

அப்படி ஐந்து தரம் போய்வந்தார்கள். ஆறாம் தரம் போனபோது பெண் பிள்ளையோடு திரும்பினார்கள்.

அந்த மூன்று மாதமும் நூர்தீனின் கல்லு டயரில் ஓடியது றஸீன்தான். ஆலங்குடா ஹோட்டல்காரர் இரண்டு பேர் அவனை விட்டுவிட்டு வேறு வண்டி பிடித்தார்கள். லோறன்ஸ் கூட, "றஸீன், உன்ட வண்டியில வந்து என்ட இடுப்புக் கழண்டுட்டு" என்று கடையில் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். றஸீனும் சிரித்தான், காரணத்தை மட்டும் சொல்லவில்லை. நூர்தீன் மூலையில் இருந்தார். இத்தனை வருடம் இந்தச் சிரிப்பு அவன் மேல் விழ வேண்டும் என்று ஆசைப்பட்டவர். விழுந்தபோது தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"லோறன்ஸ்" என்றார். "அது என்ட டயர். அவன்ட டயரிலதான் என்ட பேத்தி வந்து சேந்தா." தேத்தண்ணிக் காசை மேசையில் வைத்தார். "குத்பாவ உட்டுட்டு ஹயருக்குப் போனான் எண்டு நான் சொல்லிட்டுத் திரிஞ்சதும் பொய்" என்றும் சொல்லிவிட்டு எழும்பிப் போனார். அன்றைக்குப் பிறகும் எரிச்சல் அடியோடு போய்விட்டது என்று சொல்ல முடியாது. றஸீனின் வண்டி போகும்போது இன்னும் திரும்பிப் பார்ப்பார். ஆனால் வாயைத் திறந்து அவனைப் பற்றிக் குறை சொல்வதில்லை.

பிள்ளைக்கு நாற்பது நாள் முடிந்த கிழமை, றஸீன் முசலிக்குத் திரும்பப் போகிறான் என்று கேள்விப்பட்டார். வாப்பாவின் காணியில் காட்டை வெட்டி, தகரக் கொட்டில் போட்டு முடித்துவிட்டானாம். நூர்தீன் போனபோது அலுமாரியும் கதிரைகளும் வண்டியில் ஏறியிருந்தன. ஹிதாயா முன் ஆசனத்தில் இருந்தாள். கமீலா பேத்தியை ஏந்திக்கொண்டு பின்னால் வந்தாள்.

நூர்தீன் ஜெக்கைத் தன் வண்டிக்கடியில் வைத்தார்.

"என்ன செய்றீங்க?"

"உன்ட சில்லக் கழட்டுறன். எவன்ட பொருளும் எனக்கு வேணாம்."

"வச்சிருங்க நானா. அங்க ரோட்டெல்லாம் இன்னும் கிறவல், கூர்க்கல்லு. உங்கட பத்துத் தட்டுத்தான் எனக்குத் தோது. வீடு கட்டக் கல்லும் ஏத்தணும்."

அது உண்மையா, தன் முகத்துக்காகச் சொன்னதா என்று நூர்தீனுக்கு விளங்கவில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தார். வந்தது பாதிதான். "அந்தக் குத்பா…"

"அல்லாஹ் பெரியவன்" என்று றஸீன் அதை அத்தோடு வெட்டிவிட்டான். பேத்தியின் உள்ளங்காலைப் பெருவிரலால் மெல்ல அமத்திப் பார்த்தான், டயரை அமத்துவது போல. பிறகு ஸலாம் சொல்லி ஏறினான். வண்டி கடமுடவென்று வளவைத் தாண்டியது. ரோட்டில் ஏறுவதற்கு முன் நின்றது. கதவுக் கண்ணாடிக்கு வெளியே றஸீனின் தலை நீண்டது.

"வெங்காயம் ஏத்துற அண்டைக்கு மட்டும் காத்தக் கூட்டுங்க, நானா. புள்ள ஏறினா குறைச்சிடுங்க."